கொலுவுக்கு அடியில் ஐந்து துப்பாக்கிகள்

பச்சை பெயிண்ட் அடித்த அந்த மரப்பெட்டியைத் திறந்ததும் நான் செய்த முதல் காரியம், அதை மறுபடியும் மூடியது. இரண்டாவது காரியம், அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. உள்ளே இருக்க வேண்டியவை கொலுப் படிகள். இருந்தவை ஐந்து பழைய ரஷ்யத் துப்பாக்கிகள். பிளானோவில் எங்கள் வீட்டு கராஜ், நவராத்திரி தொடங்கும் நாள், புரட்டாசி என்றே தெரியாமல் காயும் டெக்சஸ் வெயில். உட்கார்ந்த பிறகுதான் யோசனை வந்தது: துப்பாக்கிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தால், துப்பாக்கி வைத்திருப்பதாகச் சட்டம் சொல்லுமா? எழுந்தேன். எழுந்தால் வேறு யாராவது வந்து திறந்துவிடுவார்களே என்று உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இப்படியே தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தேன்.

டெக்சஸில் போய் வீட்டில் துப்பாக்கி இருப்பதற்கு யாராவது பதறுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். என்னைப்போல் வேலை விசாவில் இருப்பவன் பதறுவான். வேட்டை உரிமம் வாங்கியவனுக்கு விலக்கு என்பதுபோல ஒன்றிரண்டு சந்துபொந்துகள் உண்டு. மற்றபடி எங்களுக்குத் துப்பாக்கி ஆகாது. கிரீன் கார்டுக்காக வருஷக்கணக்கில் வரிசையில் நின்று, அப்போதுதான் எங்கள் முறை கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்திருந்தது. அந்த நாட்களில் நான் டோல்வே நெடுஞ்சாலையில் மாட்டுவண்டி வேகத்தில் போவேன். நூலகப் புத்தகத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவேன், தாமதமாகிவிடக் கூடாதே என்று. எதிர்வீட்டு நாய்க்குக்கூட 'குட் மார்னிங்' சொன்னேன். யார் எங்கே சாட்சி சொல்வார்கள் என்று யார் கண்டது?

பெட்டி என் சகலையுடையது. என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். எங்களுக்கு முன்பே வந்து குடியுரிமையும் வாங்கி, பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் வீடு கட்டியவர். ஒரு டெலிகாம் கம்பெனியில், பழுதாகித் திரும்பி வரும் சர்க்யூட் போர்டுகளைப் பிரித்து, தப்பு எந்தத் தொழிற்சாலையில் நடந்தது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. அந்தப் புத்தி ஆபீஸோடு நிற்கவில்லை. விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் குக்கரைத் தலைகீழாகக் கவிழ்த்து, எந்த ஊரில் செய்தது என்று பார்க்கிற மனிதர். சோவியத் ராணுவம் ஒதுக்கிய துப்பாக்கிகள் இந்த ஊர்க் கடைகளில் விறகு மாதிரி அடுக்கி வைத்து மலிவாக விற்கப்பட்ட காலத்தில் ஒன்றை வாங்கினார். பிறகு அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று. பிறகு அந்த இரண்டுக்கும் ஒப்பிட இன்னொன்று.

அவர் சுட்டு நான் பார்த்ததே இல்லை. துருப்பிடிக்காமல் இருக்க ரஷ்யர்கள் பூசிவைத்த கெட்டி கிரீஸை உருக்க, துப்பாக்கியைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் சுற்றி வெயிலில் வற்றல் காயப்போடுவதுபோலப் போடுவார். துடைத்த பிறகு டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக முத்திரை பார்ப்பார். நட்சத்திரத்துக்குள் அம்பு என்றால் துலா நகரத்துத் தொழிற்சாலை. முக்கோணத்துக்குள் அம்பு என்றால் இஷெவ்ஸ்க். "இதப் பாரு சகல, யுத்த வருஷத்துச் சரக்கு. அரம் போட்ட கோடு அப்படியே நிக்குது. எதிரி வாசல்ல வந்து நிக்கும்போது எவன் பாலிஷ் போடுவான்?" என்பார். அவருக்கு ரொம்பப் பிடித்தது எதுவென்றால், மற்ற சேகரிப்பாளர்கள் சீந்தாத ஒன்று. குழல் துலா, குண்டை உள்ளே தள்ளும் பூட்டு இஷெவ்ஸ்க். பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண் குத்தியிருக்கும். "போர் முடிஞ்சு எல்லாத்தையும் கழட்டிப் போட்டு, மிஞ்சினத மிஞ்சினதோட சேர்த்திருக்கான். நம்ம ரெண்டு பேரையும் மாமனார் சேர்த்த மாதிரி" என்று சொல்லிவிட்டு, அவரே முதலில் சிரிப்பார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்டி நின்று பார்ப்பேன். "கிட்ட வா. மூச்சு விடறதுக்கெல்லாம் விசா கேக்க மாட்டான்" என்று கிண்டல் பண்ணுவார்.

ராணுவப் பெட்டிகள் இரண்டை வாங்கி, ஒன்றில் துப்பாக்கிகளையும், இன்னொன்றில் தன் கையால் செய்த கொலுப் படிகளையும் போட்டு, கார் நிற்க வேண்டிய கராஜில் வைத்திருந்தார். அந்த வருஷம் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். கொலு எங்கள் வீட்டில் என்று முடிவாகி, என் மனைவியும் மகளும் வேனை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியை ஏற்றி வந்தார்கள். கிரீஸ் துடைக்கத் துப்பாக்கிகளை எடுத்த சகலை, பெட்டியைப் பூட்ட மறந்துவிட்டு, ஆபீஸ் வேலையாகக் கலிபோர்னியாவில் பே ஏரியாவுக்குப் போயிருந்தார். நான் போன் பண்ணினால் எடுக்கவில்லை; திரும்பி வரும் விமானத்தில் இருந்தார்.

"ரெண்டு பெட்டி இருந்துச்சு. கனமானத எடுத்தோம். படின்னா கனமாத்தானங்க இருக்கும்?" என்றாள் மனைவி. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, ரிலாக்ஸ். இட்ஸ் டெக்சஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். "குண்டு இருக்கா உள்ள?" என்று கேட்டாள் மனைவி. "இல்ல." "அப்புறம் என்ன, வெறும் இரும்பு. சாயங்காலம் ஆளுங்க வர்றாங்க, வழி விடுங்க."

எனக்கு அந்த வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நான் இல்லாத இடத்தில் துப்பாக்கி இருந்தால் அது என்னிடம் இருப்பதாகாது என்று ஒரு கண்டுபிடிப்பு தோன்றி, காரை எடுத்துக்கொண்டு டோல்வேயில் வடக்கே போனேன். வீடு என் பெயரில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்ததும் தெற்கே திரும்பினேன். ஒரு போலீஸ் கார் என்னைத் தாண்டிப் போனபோது, தானாகவே ஓரம் கட்டி நின்றேன். போலீஸ்காரர் என்னைக் கவனிக்கக்கூட இல்லை.

திரும்பி வந்தபோது நடுஹாலில் கொலு. படி கிடைக்காததால் மனைவி பெட்டியையே கீழ்ப்படியாக்கி, என் பட்டுவேட்டியைப் போர்த்தி, மேலே இரண்டு பலகை அடுக்கி, கலசம் வைத்து, பொம்மைகளையும் ஏற்றிவிட்டாள். செட்டியார் பொம்மை அரிசி மூட்டையோடு துப்பாக்கிமேல் உட்கார்ந்திருந்தார். என்னைப்போல் எழுந்து உட்காரவில்லை.

சகலை ஏர்போர்ட்டிலிருந்து நேரே வந்தார். கொலுவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "நகருங்க, நான் எடுத்துட்டுப் போயிடறேன்" என்று குனிந்தார். என் மனைவி விடவில்லை. ஸ்பீக்கரில் அக்காவும் விடவில்லை. "கலசம் வெச்சாச்சு. விஜயதசமி முடியாம கொலுவக் கலைப்பாங்களா? மூளை இருக்கா உங்களுக்கு?" அமெரிக்க அரசாங்கத்தைக்கூட ஒரு வக்கீல் வைத்துச் சமாளிக்கலாம், இந்தச் சகோதரிகளை முடியாது.

சகலை கொஞ்சம் யோசித்தார். காருக்குப் போய்த் தன் பயணப் பெட்டியோடு வந்தார். "ஓனர் பக்கத்துல இருந்தா அது ஓனர்கிட்ட இருக்குன்னுதான் அர்த்தம். நான் இங்கயே இருந்துக்கறேன்." அவர் சொன்ன சட்டம் சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஆபீசுக்கு லீவ் சொல்லிவிட்டு, விஜயதசமி வரை எங்கள் ஹால் சோபாவில் குடியிருந்தார். குளிக்கப் போகும்போதுகூட அவசரம்தான். வருகிற பெண்களுக்கெல்லாம் சுண்டல் கொடுத்து, தாம்பூலப் பையை நீட்டி, கூட உட்கார்ந்து பாட்டும் கேட்டார். ஆயுத பூஜையன்று ஊரில் எல்லோரும் லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அசல் ஆயுதம். அதற்குத்தான் பொட்டு வைக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது சகலை கேட்டார்: "இவ்ளோ பயத்தோடதான் இத்தன வருஷமா என் வீட்டுக்கு வந்துட்டு இருந்தியா?"

"ஆமாண்ணே."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே, ஒவ்வொரு தடவையும்."

"ஜோக்கா சொன்ன."

"எனக்கு வேற மாதிரி சொல்ல வராதுண்ணே."

அவர் சுண்டல் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைச் சாஸ்திரத்துக்குப் படுக்க வைத்தாள் மனைவி. மறுநாள் பெட்டி போனது. தீபாவளிக்கு ரிச்சர்ட்சன் போனோம். கராஜில் கார் நின்றது. இத்தனை வருஷமாக வெளியே வெயிலில் நின்ற கார். "ஆலங்கட்டி மழை வருது, உள்ள நிக்கட்டுமேன்னு" என்றார். ஐந்தையும் விற்றிருந்தார். ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. "அண்ணே, நான் உங்கள விக்கச் சொல்லலயே" என்றேன். "நீ சொன்னா நான் கேப்பனா? உள்ள வந்து சாப்பிடு, மொதல்ல. கைய வேற பின்னால கட்டிக்காத."

கிரீன் கார்டு போன வருஷம் வந்தது; இனி எனக்கும் துப்பாக்கி ஆகும். அதிலிருந்து ஊருக்கு வெளியே எங்கே துப்பாக்கிச் சந்தை கூடினாலும் நான் ஆஜர். சகலைக்குப் பிடித்த மாதிரி, துலாக் குழலும் இஷெவ்ஸ்க் பூட்டுமான கலப்புத் துப்பாக்கி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மலிவுக் காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது அதுவே அபூர்வம். எனக்கு முத்திரை பார்க்கத் தெரியாது என்று சொல்லி, போன சனிக்கிழமை சகலையையும் இழுத்துப் போனேன். "எனக்கு எதுக்குப்பா இனிமே" என்று வழியெல்லாம் முனகினார். மூன்றாவது வரிசையில் ஒரு மேஜைமுன் முனகல் நின்றது. கண்ணில் புரை, கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். "சின்னதா குத்தியிருக்கான், தெரியல. எடுத்து வெளிச்சத்துல காட்டு."

எடுத்தேன். என் வாழ்க்கையில் முதல் துப்பாக்கி. நினைத்ததைவிடக் கனம். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் நட்சத்திரமும் முக்கோணமும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன. கார்டு பர்ஸில் இருக்கிறதா என்று ஒரு கையை எடுத்துப் பைக்குள் விட்டுப் பார்த்தேன். குழல் மேஜைப் பக்கம் சாய்ந்தது.

சகலை இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கு, இருக்கு. கார்டு எங்கயும் போகல. இப்ப ரெண்டு கையாலயும் பிடி. என்ன போட்டிருக்கு, படி."