கத்தரிப்பூ நிறத் தண்ணீர்

வாந்திபேதி கண்ட ஊரில் கிணற்றுக்கு மருந்து போடப் போகிறவனை யாரும் வாய் நிறைய 'வாங்க' என்று கூப்பிடுவதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், திருவிதாங்கூர் சர்க்காரில் நான் பார்த்த வேலை அதுதான். வசவு வாங்கியே காலம் தள்ளிய சக ஊழியர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். எல்லாம் ஒரே வருஷம், இராஜாக்கமங்கலம் பக்கம் நடந்தவை.

முதல் வாய்

மருந்தைக் கரைத்து ஊற்றினால் கிணறு கத்தரிப்பூ நிறமாகிவிடும். ஓர் இரவு விட்டு, நிறம் வெளிறியதும் குடிக்கலாம். மறுநாள் காலையில் லேசாகச் சிவப்போடியிருந்த தண்ணீரை, அவர்கள் பேச்சில் 'வெள்ளத்தை', பார்த்துவிட்டு ஊரே விலகி நின்றது. விஷம் என்றார்கள், ரத்தம் என்றார்கள். நான் குடித்துக் காட்டினேன். சர்க்கார் ஆள் எதையும் குடிப்பான் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போது தாயம்மை வந்தாள். வாந்திபேதியில் போன அவள் புருஷனை முந்தின நாள்தான் எடுத்திருந்தார்கள். நேரே வாளியை இறக்கித் தண்ணீர் கோரி, தான் குடித்து, இடுப்பில் இருந்த பிள்ளைக்கும் புகட்டினாள். பயமில்லையா என்று மெதுவாகக் கேட்டேன்.

"எனக்க மாப்பிளையக் கொண்டுபோன வெள்ளம் கண்ணாடி மாதிரி தெளிஞ்சுதான் இருந்துது, சாரே."

பிள்ளைவாளின் கயிறு

வயல் வேலைக்காரர்களின் குடியிருப்பில் இருந்த ஒரே கிணறு நாறிப் போயிருந்தது. பக்கத்தில் நல்ல கிணறு நீலகண்ட பிள்ளையுடையது. அவர்களை அதன் அருகே விட்டதே கிடையாது. போய்க் கேட்டேன். அவர், கயிற்றை யாரும் தொடக்கூடாது, தானே கோரி ஊற்றுவதாகச் சொன்னார்.

சொன்னபடியே விடிந்ததிலிருந்து கோரினார். குடங்களின் வரிசை குறையவேயில்லை. தீட்டு என்று தம்பி வந்து சத்தம் போட்டார். இவர் திரும்பியும் பார்க்கவில்லை. உச்சிவெயிலில் வாளியை இறக்கிவைத்து, தோல் உரிந்த உள்ளங்கைகளைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு வரிசையில் முதலில் நின்றவளிடம் கயிற்றை நீட்டினார். அவள் பின்வாங்கினாள்.

"கை பொத்துப் போச்சு. இனி நீங்களே கோருங்கோ."

வள்ளத்தில் வந்த குடங்கள்

நோய் கடற்கரைக்கும் பரவியது. அங்கே கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. மாட்டுவண்டியில் தண்ணீர் அனுப்பினேன். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று வழியிலுள்ள ஊர்க்காரர்கள் வண்டியை மறித்துத் திருப்பிவிட்டார்கள்.

மீனவர்கள் வலையை இறக்கிவைத்துவிட்டு, கடல்வழியே மணவாளக்குறிச்சி பக்கம் போய், வள்ளம் நிறையக் குடங்களில் நல்ல தண்ணீர் ஏற்றி வந்தார்கள். அலை பெருத்திருந்த நாள். வள்ளம் தூக்கிப் போட்டதைப் பார்த்து கரையில் பெண்கள் முழங்காலிட்டு ஜெபித்தார்கள். ஒருவழியாகக் கரை சேர்ந்தது. பகல் முழுக்கத் துடுப்புப் போட்டவர்களுக்கு உதடு வெடித்து, நாக்கு ஒட்டிப் பேச்சு குழறியது. குடங்களோ துணி கட்டியபடி நிறைந்திருந்தன. கையெட்டும் தூரத்தில் இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஏன் குடிக்கவில்லை என்று அவர்களில் ஒருவனான அந்தோணியிடம் கேட்டேன்.

"நாங்க குடிச்சா ஒரு வீட்டுக்குக் கொறையும்லா, சாரே."

நோய் அடங்கியபின் மேலதிகாரி எல்லாம் என் சாமர்த்தியம் என்று தட்டிக்கொடுத்தார்; நான் செய்ததெல்லாம் மருந்தைக் கரைத்துவிட்டு வாயைப் பிளந்து நின்றதுதான்.