கொடிக்கம்பத்தடியில் மூன்று சூசையப்பர்கள்

இரும்பாலை ஊரான கார்வர்ஸ் பெண்டின் புனித சூசையப்பர் கத்தோலிக்கப் பங்கின் வரலாற்றை யாராவது தப்பாகச் சொன்னால் பெர்னடீன் ஹூடாக்குக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். சரியாகச் சொல்பவர் அந்தப் பங்கில் ஒருவருமில்லை. ஆகவே அந்த நரம்புக்கு ஓய்வே கிடையாது.

"எங்க தாத்தாதான் முதல் செங்கல் வச்சார்." இதைச் சொல்லாத ஸ்லோவாக் குடும்பம் ஊரில் இல்லை. அத்தனை தாத்தாக்களும் முதல் செங்கல்லையே வைத்திருந்தால் கட்டடம் ஒரு செங்கல் உயரத்துக்கு ஆற்றங்கரை முழுக்க நீண்டல்லவா கிடக்கும்? இரண்டாம் செங்கல் வைத்த தாத்தா யார்? அவருக்குப் பேரப்பிள்ளைகளே பிறக்கவில்லையா?

நடந்தது இதுதான். மேட்டிலிருந்த ஐரிஷ்காரர்களின் கோயிலில் ஸ்லோவாக்குகளைக் கடைசியில், கதவோரமாக நிற்க வைத்தார்கள். இரும்பாலையில் வேலை பார்த்த அந்த ஸ்லோவாக்குகளுக்குக் கோபம் வந்தது. கீழே இறங்கி வந்து ஒரு சாராயக்கடை மாடியில் பூசை வைத்தார்கள். பிறகு வேலை முடிந்த கையோடு மண் வெட்டி, செங்கல் சுமந்து கட்டினார்கள். கட்டியது கோயிலை அல்ல, பள்ளிக்கூடத்தை. பல வருடம் அதன் நிலவறையில்தான் பூசை. கோயில் பின்னால் வந்தது. பள்ளிக்கூடம் அக்கா, கோயில் தங்கை. தங்கைக்கு வண்ணக் கண்ணாடியும் கோபுரமும் போட்டதும் எல்லோரும் அக்காவை மறந்துவிட்டார்கள் என்பது பெர்னடீனின் நெடுநாள் மனத்தாங்கல்.

அவளுக்கு ஞானஸ்நானம் அந்தக் கோயிலில். படிப்பு அந்தப் பள்ளியில், ஸ்லோவாக் கன்னியாஸ்திரிகளிடம், விரல் முட்டியில் ஸ்கேல் அடியோடு. ஆலையில் வேலை பார்த்த எட்-ஐக் கட்டிக்கொண்ட வருடமே பள்ளி அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவில்லை. கன்னியாஸ்திரிகள் போனார்கள். தலைமையாசிரியர்கள் வந்து வந்து போனார்கள். லேட்டாக வரும் பிள்ளைக்குச் சீட்டு, முழங்காலுக்குப் பிளாஸ்திரி, கணக்குப் பரீட்சையன்று மட்டும் வரும் வயிற்றுவலிக்கு வீட்டுக்குப் போன், பனிக்காலத்தில் அடம்பிடிக்கும் கொதிகலனுக்கு ஓர் உதை, எல்லாம் பெர்னடீன்தான். எட்-இன் சவப்பெட்டி கோயிலிலிருந்து போன மறுநாள்கூடப் பள்ளி மணி அடித்தது அவள்தான்.

ஆலை மூடியது. இளவட்டங்கள் வேறு ஊர் பார்த்துப் போனார்கள். வகுப்புகள் மெலிந்தன, கோயில் கூரை ஒழுகியது. இரண்டு கட்டடத்தையும் இந்தப் பங்கு தாங்காது, ஒன்றை விற்க வேண்டும், எதை என்று ஈஸ்டருக்குப் பிறகு முடிவு சொல்கிறேன் என்று மறைமாவட்டத் தலைவரான ஆயர் சொல்லியனுப்பினார். வீட்டுச் சாமான்களை வாடகைக்கு அடுக்கி வைக்கும் கம்பெனி ஒன்று பள்ளிக்கூடத்தை வந்து அளந்து பார்த்தது.

பங்குக் கூட்டத்தில் பார்க்க வேண்டுமே! பங்குப்பேரவைத் தலைவரும் இரும்புச் சாமான் கடைக்காரருமான ஆண்டி பெட்ரிக், "என் பிணத்து மேல ஏறித்தான் பள்ளிக்கூடத்தை விக்கணும்" என்று மேசையைக் குத்தினார். பிரோகிக் கொழுக்கட்டைச் சமையலறையின் மகாராணி ரீட்டா சபோல் தேம்பித் தேம்பி அழுதாள். பங்குச்சாமியார் ஃபாதர் கோவாலிக் சின்ன வயது, குரலே தழுதழுத்துவிட்டது. பெர்னடீன் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த ஜனங்களைப் பற்றி நல்லவிதமாக நினைத்தாள்.

மார்ச் மாதம் பனி இளகியது. பள்ளிக்கும் கோயிலுக்கும் நடுவே புல்தரையில் நிற்கும் கொடிக்கம்பத்தடியில், சேற்றிலிருந்து இரண்டு குட்டிப் பாதங்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. உறைந்த மண் உப்பி உள்ளே இருந்ததை வெளியே தள்ளிவிட்டது.

பெர்னடீனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வீடு விலைபோகாமல் கிடந்தால் மாதாவின் கணவர் சூசையப்பரின் குட்டிச் சுரூபத்தை வாசலில் தலைகீழாக, விற்க வேண்டிய கட்டடத்தைப் பார்த்த மாதிரி புதைப்பது ஊர் வழக்கம். தலைகீழாக நிற்கிற அவஸ்தை தாங்காமல் அவரே ஓர் ஆளைப் பிடித்து வந்து விற்றுக் கொடுத்துவிடுவார். விற்றதும் அவரைத் தோண்டிக் கழுவி வீட்டில் நல்ல இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். புனித சூசையப்பர் பங்கில், புனித சூசையப்பர் பள்ளிக்கூடத்தை விற்பதற்குப் புனித சூசையப்பரையே தலைகீழாக நட்டிருக்கிறார்கள்!

சமையலறையிலிருந்து பெரிய கரண்டியைக் கொண்டுவந்து தோண்டினாள். ஒருவர் வந்தார். பக்கத்திலேயே இன்னொருவர். கொஞ்சம் தள்ளி மூன்றாமவர். மூவரும் பள்ளிக்கூடத்தைப் பார்த்தபடி.

அன்று தவக்கால வெள்ளிக்கிழமை, இறைச்சி கூடாத நாள். பள்ளி நிலவறையில் மீன் வறுவல், ஊரே வரிசையில் நின்றது. பரிமாறும் மேசையில், முட்டைக்கோஸ் சாலட் பாத்திரத்துக்கும் தக்காளி சாஸுக்கும் நடுவே, மூன்று சூசையப்பர்களையும் சேறு காயாமல் அப்படியே நிறுத்தினாள் பெர்னடீன்.

"ரீட்டா, இது யாரோட சூசையப்பர்?"

ரீட்டா பிரோகியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவர் எல்லாருக்கும் பொதுதானே, பெர்னி."

"இவரைச் சுத்தியிருக்கிறது பிரோகி மாவு வைக்கிற பை. நீல ரப்பர் பேண்டு, ரெண்டு சுத்து. உன்னைத் தவிர யாருடி இப்படிச் சுத்துவா?"

"மண்ணு மூக்குல போயிடக் கூடாதேன்னுதான்..." என்றாள் ரீட்டா, மெதுவாக.

ஆண்டி தட்டோடு நழுவப் பார்த்தார். "நில்லுய்யா. இவர் காலுக்கடியில 'சாம்பிள், விற்பனைக்கு அல்ல'ன்னு எழுதியிருக்கு. உன் கடையில காட்சிக்கு வச்சவர், உன் கையெழுத்து. வேண்டுதலுக்குக்கூடப் புதுசு ஒண்ணு எடுக்க மனசு வரலையா உனக்கு?"

"மந்திரிச்சா எல்லாம் ஒண்ணுதான்," என்றார் ஆண்டி.

"யாரு மந்திரிச்சது?"

எல்லோரும் ஃபாதரைப் பார்த்தார்கள். ஃபாதர் மூன்றாவது சூசையப்பரைப் பார்த்தார். கிறிஸ்துமஸ் குடிலில் நிற்பவர், லாந்தர் பிடித்த கை உடைந்தவர். குடில் பெட்டிச் சாவி இருப்பது இரண்டே பேரிடம், அதில் ஒருத்தி பெர்னடீன்.

"ஃபாதர், நீங்களுமா? வர்ற கிறிஸ்துமஸுக்கு மாதா கைப்பிள்ளையோட தனியா நிக்கணுமா?"

"அது வந்து, பெர்னடீன்... ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும்னா, கோயில் நிக்கட்டுமேன்னு..."

"அன்னிக்குக் கூட்டத்துல அழுதீங்களே எல்லாரும்!"

"அழுததும் நெசம்தான், புதைச்சதும் நெசம்தான்," என்று ரீட்டா கரண்டியை வைத்தாள். "பிள்ளைங்க பஸ் ஏறி வேற ஸ்கூலுக்குப் போயிடும். நான் இந்த வயசுல மேட்டுக்கு ஏறி அந்த ஐரிஷ்காரங்க பின்னாடி போய் நிக்கவா?"

"என் சவப்பெட்டி இந்தக் கோயில் வாசப்படியிலதான் இறங்கணும்," என்றார் ஆண்டி. "எங்க தாத்தா முதல் செங்கல்..."

"வாயைத் திறந்தே, சாஸைத் தலையில ஊத்திடுவேன்!"

வரிசையில் நின்றவர்கள் மீன் ஆறிப்போகிறது என்று முனகினார்கள். தன் சூசையப்பரை எடுத்துக்கொண்டு போக ஒருவரும் முன்வரவில்லை. மந்திரித்த சுரூபத்தைக் குப்பையில் போடக் கூடாது, மண்ணுக்குள்தான் வைக்க வேண்டும். ஆக, வழக்கம்போல அந்த வேலையும் பெர்னடீன் தலையில்தான் விழுந்தது.

மறுநாள் காலை அதே கரண்டியோடு கொடிக்கம்பத்தடிக்குப் போனாள். பழைய குழிகள் திறந்தே கிடந்தன. ஒவ்வொருவராக இறக்கியபோது மூவருடைய முகத்தையும் வெடுக்கென்று கோயில் பக்கம் திருப்பினாள். "அந்தக் கோயில்காரங்களையே பாத்துக்கிட்டிரும். என்னைப் பாக்காதேயும்!" எந்தப் பக்கம் பார்த்தால் எது விலைபோகும் என்கிற விதி அவளுக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். அந்த நேரத்தில் நினைவிருந்ததா என்று கேட்டால் இன்றுவரை பேச்சை மாற்றிவிடுகிறாள்.

ஈஸ்டருக்குப் பிறகு ஆயரின் முடிவு வந்தது. கோபுரத்துக்குள் விரிசல், சரிசெய்யக் கட்டுப்படியாகாது. கோயில் ஒரு கம்பளக் கடைக்காரருக்குப் போகிறது. அக்கம்பக்கத்துப் பங்குகளில் மூடிய பள்ளிகளின் பிள்ளைகள் எல்லாம் இங்கே வருவார்கள், பள்ளிக்கூடம் நிற்கும். பங்கும் நிற்கும். பூசை, பள்ளி நிலவறையில்.

ஆண்டி அலுவலகக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். "எந்தப் பக்கம் பாத்து வச்சே?"

"விரிசல் விட்டது கோபுரம். என்னைக் கேட்டா?"

"பெர்னி! எந்தப் பக்கம்?"

"லேட்டா வந்தா சீட்டு வாங்கிட்டு உள்ளே வா. இல்லேன்னா வெளிய போ."

நிலவறையின் முதல் ஞாயிறு பூசைக்கு எல்லோரும் வந்தார்கள், குறை சொல்லத் தெம்போடு. வறுத்த எண்ணெய் வாடை போகவில்லையாம். நாற்காலி பிள்ளைகளுக்கானதாம், முழங்கால் தாடையில் இடிக்கிறதாம். ஆண்டி தூண் மறைக்காத இடத்துக்காக ரீட்டாவோடு சண்டை போட்டு வாங்கி உட்கார்ந்து, பக்கத்துப் பங்கிலிருந்து புதிதாக வந்த ஒருவரிடம் சுவரைத் தட்டிக் காட்டினார்: "பாத்தீங்களா, இது எங்க தாத்தா வச்ச முதல் செங்கல்."

பெர்னடீனின் நரம்பு புடைத்தது. ஆனால் அவள் திரும்பவில்லை. தலைக்கு மேலே இருந்த சிறிய ஜன்னல் வழியாகக் கோயில் வாசப்படி தெரிந்தது. மணக்கோலத்தில் அவள் கால் தடுக்கிய படி அது, எட்-ஐ இறக்கிய படியும் அதுதான். இப்போது யாரோ சுருட்டிய கம்பளம் ஒன்றை அதில் சாத்தி வைத்திருந்தார்கள். ஜன்னல் விளிம்பில், அவளே தோண்டியெடுத்துக் கழுவித் துடைத்து நிறுத்திய மூன்று சூசையப்பர்கள். நல்ல இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் வழக்கமாயிற்றே.

"பள்ளிக்கூடம் நிக்கட்டும்னு மட்டும்தானே கேட்டேன்," என்றாள் அவர்களிடம், உதட்டுக்குள். "அத்தோட நிறுத்தியிருக்கக் கூடாதா? மூணு பேர் இருந்தும் ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?"

ஃபாதர் பூசையைத் தொடங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடிக்க இங்கே வேறு யார் இருக்கிறார்கள்? பெர்னடீன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இடைவேளை மணியின் பொத்தானை நீளமாக அழுத்தினாள்.