தேர் ஸ்பீடு

கோமதி அக்கா இறந்துவிட்டார்.

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவருடைய தம்பி போன் செய்தார். பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர்... அழுதார்.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அதற்குள் "அமைதியான சக ஊழியர்" என்று போட்டுவிட்டார்கள். யாரு, கோமதி அக்காவா அமைதி?!

பறக்கிற விமானத்தில் ரேடாரை வைத்து, கீழே தரையில் நகர்வதைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. எந்த ஆபீஸ், எந்த விமானம் என்று இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள்.

நான் பக்கத்து ஊர் ராஜபாளையம் என்று சொன்ன அன்றே அவருக்கு நான் "ஏட்டி" ஆகிவிட்டேன். 'மேடம்' என்று கூப்பிட்டால் திரும்பவே மாட்டார்.

ஒரு சோதனையில், ரோட்டில் போன ஜீப் ரேடார் படத்தில் கண்மாய்க்குள் தெரிந்தது. வந்திருந்த பெரிய அதிகாரி சிரித்தார். "என்னம்மா, உங்க வண்டி நீந்துதா?"

"ஓடுறதாலதான் சார் தள்ளித் தெரியுது. நிப்பாட்டச் சொல்லுங்க, ரோட்டுல வந்து உக்காந்துக்கிடும்."

நிப்பாட்டினார்கள். அடுத்த படத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தது. அப்புறம் அந்த அதிகாரி டீ குடிக்கக்கூட நிற்கவில்லை.

பெரிய சண்டை வேறு. காற்றில் ஆடுகிற மரமெல்லாம் திரையில் புள்ளி புள்ளியாக வந்து உயிரை வாங்கியது. மெதுவாக நகர்வது அத்தனையையும் வடிகட்டிவிட்டால் திரை சுத்தமாக இருக்கும் என்றார் அப்போதைய தலைவர்.

மீட்டிங்கில் எல்லாத் தலையும் ஆடியது. அக்கா எழுந்தார்.

"எங்க ஊருத் தேரு ஓடுறதப் பாத்திருக்கீங்களா சார்? தூரத்துல இருந்து பாத்தா நிக்கிற மாதிரிதான் இருக்கும். அதுக்காகத் தேரு ஓடலன்னு சொல்லுவீங்களா? என் தம்பி எல்லையில நிக்கான். மறைஞ்சு வாரவன் மெதுவாத்தான் வருவான். மரத்தைப் பிரிக்க வழி தேடுவோம். ஆளை அழிக்கக் கூடாது."

"எமோஷனலா பேசாதீங்க" என்றார்கள். அவருடைய மேஜையைத் தூக்கி ஸ்டோர் ரூம் பக்கம் போட்டார்கள்.

அங்கே உட்கார்ந்தே மரத்தையும் ஆளையும் பிரித்துக் காட்டினார். அன்றிலிருந்து எங்கள் ரேடார் பார்க்கக்கூடிய ஆகக் குறைந்த வேகத்துக்கு 'தேர் ஸ்பீடு' என்றே பெயர்... தமிழே தெரியாத பிள்ளைகள்கூட என்னிடம் "தேர் ஸ்பீட் ஓகே மேடம்" என்பார்கள்.

இப்போது வந்திருக்கும் தலைவருக்கும் திரை சுத்தமாக வேண்டுமாம். மெதுவானதை எடுத்துவிடலாமாம். திங்கட்கிழமை மீட்டிங்.

நான் சரி என்று சொல்ல மாட்டேன். என் மேஜையையும் ஸ்டோர் ரூம் பக்கம் போடுங்கள், எனக்கு இடம் தெரியும். இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறவர்கள் தாராளமாக அனுப்பலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். அக்காவின் தம்பி மறுபடியும் கூப்பிட்டார். "தேரு ஓடுற ரதவீதி வழியாத்தான் அக்காவக் கொண்டு போறோம்மா. மெதுவாத்தான் போவும், நீங்க வந்து சேந்துக்கிடலாம்."

வாரேன்.

மெதுவாவே போங்கக்கா... தெரியுது.