எதிர்வாசலைப் பார்த்த நாற்காலி

கிருஷ்ணசாமியை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அது 2002ஆம் வருஷம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகும் தெருவில், ‘ஸ்வேதா கார்மென்ட்ஸ்’ என்று மகள் பெயரில் நைட்டி தைக்கும் யூனிட் ஒன்றை அவர் நடத்திக்கொண்டிருந்தார். ஆள் தேவை என்று கேள்விப்பட்டு மானாம்பதியிலிருந்து சைக்கிளில் வந்திருந்தேன். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே காலேஜ் முடித்த முதல் ஆள் நான். பி.காம். சர்டிபிகேட்டை ஹேண்டில்பாரில் மாட்டத் துணியாமல் பிளாஸ்டிக் கவரோடு சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தேன்.

அவர் கவரைத் திறக்கவே இல்லை.

“எதிர்ல சூர்யா கார்மென்ட்ஸ்னு ஒண்ணு கீது பாத்தியா? அங்க மேனேஜருன்னு ஒருத்தன ஒக்கார வெச்சிக்கிறான். பி.ஏ. படிச்சவனாம். பி.ஏ. பெருசா, பி.காம் பெருசா?”

“பி.காம்தான் சார். அதுல கணக்கும் உண்டு.”

“நாளைலேந்து வந்துடு.”

என்ன வேலை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு அங்கே பெயரே ‘பி.காம்’தான். எனக்கும் அது கசக்கவில்லை.

எதிர் யூனிட்காரர் பஞ்சாட்சரம். கிருஷ்ணசாமியிடமே பல வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். ஒருநாள் சொல்லிக்கொண்டு போனார்; அடுத்த மாதமே நேர் எதிரே ஷட்டரைத் திறந்தார். “இத்தாம்பெரிய ஊர்ல அவனுக்கு வேற தெரு கெடைக்கலியாய்யா?” என்று கிருஷ்ணசாமி கேட்காத நாள் இல்லை. தைக்கும் பெண்கள் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கமாக அவர் நாற்காலி திரும்பியது அன்றைக்குத்தான் என்று பெண்கள் சொல்வார்கள்.

அவர் அங்கே பார்த்தது செருப்புகளை. எதிர் யூனிட்டின் படியோரம் பெண்கள் கழற்றிப் போடும் செருப்புக் குவியல் காலையில் எவ்வளவு உயரம் என்பதிலேயே அவருடைய அன்றைய நாள் தீர்மானமாகிவிடும். குவியலில் தெரிந்த செருப்பு ஏதாவது கண்ணில் பட்டால் போச்சு.

“அந்தப் பச்ச வாரு நம்ம ஜெயம்மாளுதுதான? ஒடம்பு சரியில்லன்னுதான சொல்லியனுப்பிச்சா? ஒடம்புக்கு அங்க இன்னா மருந்தா குடுக்குறான்?”

எந்தப் பெண்ணும் ரோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்பது சீக்கிரமே புரிந்தது. வேலையாட்களைக் கவர்ந்து தக்கவைத்துக்கொள்ளும் சலுகைகள் என்று காலேஜில் ஒரு பாடமே படித்திருந்தேன். உற்சாகமாகப் பெண்களிடம் பேசிவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். வருங்கால வைப்பு நிதி, சம்பளத்தோடு நோய் விடுப்பு, கைக்குழந்தைக்காரிகளுக்குத் தொட்டில் கட்ட ஒரு அறை, ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி சாயங்காலம் விடுவது.

“இதுல எது அவங்கிட்ட கீது?”

“எதுவும் இல்ல சார். நாமதான் மொதல்ல.”

“அவனே குடுக்கல, நாம இன்னாத்துக்குக் குடுக்கணும்? அவுங்கள யாருய்யா கேக்கச் சொன்னது? எதிர்ல இன்னா நடக்குதுன்னு பாத்துக்கினு வா.”

அவர் சலுகை கொடுக்காதவர் இல்லை. எதிரே டீயோடு பிஸ்கட் கொடுத்தால் நாங்கள் வடை கொடுத்தோம். எதிரே எஃப்.எம். ரேடியோ பாடினால் நாங்கள் டி.வி. மாட்டினோம், சீரியலைப் பார்த்துக்கொண்டே தைத்து ஊசியாக உடைந்து, இரண்டு வாரத்தில் கழற்றினோம். தீபாவளிக்கு அவர்கள் புடவை என்றால் நாங்கள் புடவையும் ஸ்வீட் பாக்ஸும்.

நானும் வழி கண்டுபிடித்தேன். “எதிர்ல தொட்டில் ரூம் போட யோசிக்கிறாங்களாம் சார்” என்று ஒருநாள் காதில் போட்டேன். மறுநாளே கொத்தனார் வந்துவிட்டார். வைப்பு நிதியும் நோய் விடுப்பும் அப்படித்தான் வந்தன. பஸ் விஷயம் மட்டும் நடக்கவில்லை. அதை மட்டும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சரிபார்க்க முடிந்தது. எதிரே ஆறு மணிக்குத்தான் பெண்கள் செருப்பைத் தேடினார்கள்.

இந்தப் பொறாமை ஒட்டிக்கொள்ளும் சரக்கு. எதிர் மேனேஜர் மோகனுக்கு மேஜைமேல் கண்ணாடி போட்டிருந்தார்கள். எனக்கு வெறும் ரெக்சின். போகும்போதும் வரும்போதும் அந்தக் கண்ணாடி என் கண்ணில் குத்தியது. பி.ஏ.வுக்குக் கண்ணாடியா!

எங்கள் யூனிட்டின் அச்சாணி பாஞ்சாலி. துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷின் வரிசையில் முதல் ஆள். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவள். அந்த வரிசையில் இருந்த எல்லாரும் அவள் கூட்டி வந்த ஊர்ப் பெண்கள். அவள் எழுந்து போனால் வரிசையே எழுந்து போகும். தைத்து முடிக்க ஆளில்லாமல் யூனிட் படுத்துவிடும். கிருஷ்ணசாமிக்கு அது நன்றாகத் தெரியும். பஞ்சாட்சரத்துக்கும் தெரியும். அவளும் தெரிந்துதான் வாயாடுவாள்.

“ணா, எதிர்லயே பாத்துக்கினு இருந்தா கழுத்து சுளுக்கிக்கும் ணா. நாங்க இந்தப் பக்கம் கீறோம்.”

மற்ற யாராவது இப்படிச் சொன்னால் அன்றைக்கு வடை கிடையாது. அவள் சொன்னால் சிரிப்பார்.

2003 கோடையில் முனியம்மாள் பேரனுக்குக் காது குத்தினார்கள். முனியம்மாள் எதிர் யூனிட்டில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறவள். பஞ்சாட்சரம் ஒரு தட்டில் பழமும் துணியும் வைத்துக்கொண்டு போய், பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாராம். எங்கள் பெண்கள் அதையே மூன்று நாள் பேசினார்கள். கிருஷ்ணசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பாஞ்சாலியின் மகள் பூஜா வயசுக்கு வந்தாள். மஞ்சள் நீராட்டுக்குச் சொல்ல பாஞ்சாலி வெற்றிலை பாக்கோடு வந்தாள். ரோட்டைத் தாண்டிப் போய் பஞ்சாட்சரத்துக்கும் சொன்னாள். அதைக் கிருஷ்ணசாமி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

“அவனுக்கு எதுக்குச் சொல்றா? அவள இஸ்துக்கப் பாக்கறான்யா. யோவ் பி.காம், அவன எல்லாரும் இன்னான்னு கூப்புட்றாளுங்க?”

“மாஸ்டர்னு சார்.”

“என்னைய?”

“அண்ணான்னு.”

“அப்ப பாஞ்சாலி பொண்ணுக்கு நான் இன்னா மொற?”

“பாஞ்சாலிக்குக் கூடப் பொறந்த தம்பி கீறாரு சார். கன்னியப்பன்னு, செங்கல் சூளைல லோடு ஏத்துறாரு. தாய்மாமன் சீரு அவருதான்…”

“அவனும் செய்யட்டும், யாரு வோணாம்னா? ஒரு பொண்ணுக்கு ரெண்டு மாமன் இருக்கக் கூடாதுன்னு உன் பி.காம்ல போட்டுக்கீதா? இனிமே நம்ம கம்பெனில யார் வூட்ல விசேஷம்னாலும் கம்பெனி சீரு. எதிர்ல ஒரு தட்டு. நம்மளுது இருபத்தொண்ணு.”

ஞாயிற்றுக்கிழமை பேண்டு வாத்தியம் முன்னால் முழங்க, எங்கள் பெண்கள் தட்டுகளை ஏந்தி வர, அந்தக் கிராமத்துத் தெருவில் நுழைந்தோம். வளையல், பழம், லட்டு, பூ, நடுத்தட்டில் காஞ்சிபுரத்திலிருந்து எடுத்த அரக்குப் பட்டு. பந்தலின் ஓரத்தில் பஞ்சாட்சரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்வலத்தைப் பார்த்து அவர் எழுந்து நின்றபோது கிருஷ்ணசாமியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பட்டைப் பார்த்த உறவுக்காரப் பெண்கள் உள்ளே வாங்கிக்கொண்டு போனார்கள். மாமன் வீட்டுச் சீர் வந்துவிட்டது என்று நினைத்தார்களோ என்னவோ, அதையே பூஜாவுக்குக் கட்டி, மணையில் உட்கார வைத்துவிட்டார்கள். பாஞ்சாலி அப்போது அடுப்படியில் இருந்தாள்.

பிறகுதான் கன்னியப்பன் வந்தார். முன்னால் இரண்டு மேளக்காரர்கள். பின்னால் அவர் மனைவி சின்னபொண்ணும் சொந்தக்காரர்கள் சிலரும். எவர்சில்வர் தட்டுகளில் தேங்காய், பழம், வளையல், மடித்த ஒரு புடவை. பந்தலுக்கு எதிரே வந்ததும் மேளம் நின்றது. வேறு யாரோ கொடுத்த பட்டில் அக்கா மகள் மணையில் இருந்தாள்.

பந்தக்காலில் சாய்ந்திருந்த பெரிசு ஒன்று சும்மா இருக்கவில்லை. “இன்னா கன்னியப்பா, மாமன் வேலைக்கு ஆள் எடுத்துட்டாங்க போலக்கீதே! நீ லேட்டு!”

கொல்லென்று சிரிப்பு.

கன்னியப்பன் தட்டைத் தெருமண்ணிலேயே இறக்கி வைத்தார். “எங்கக்கா கம்பெனிக்கு வேலைக்குத்தான் போவுதுன்னு நெனச்சேன். கூடப் பொறந்த பொறப்பையும் அங்கயே மாத்திக்கிச்சுன்னு தெரியாது. சின்னபொண்ணு, வா, வூட்டுக்குப் போலாம்.”

பாஞ்சாலி கரண்டியோடு ஓடி வந்தாள். தம்பியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு கிருஷ்ணசாமியைப் பார்த்துச் சொன்னாள்:

“மொதலாளி, பொடவைய மாத்தப் போறேன். கோச்சிக்காதீங்க.”

மொதலாளி! அண்ணா இல்லை. அவருக்கு எங்கே அடிபட்டது என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது.

அதற்குள் பஞ்சாட்சரம் பந்தலைவிட்டு இறங்கி நேராகத் தெருவுக்குப் போனார். மண்ணில் கிடந்த தட்டைத் தூக்கித் தூசி தட்டினார். “வா கன்னியப்பா. தாய்மாமன் நீ முன்னாடி நட. ஒனக்குத் தட்டு தூக்கினு நான் வரேன்.”

கூட்டம் ‘ஆங்’ என்றது. கிருஷ்ணசாமி என் முழங்கையைப் பிடித்து நசுக்கினார்.

“பாத்தியா? பாத்தியா பி.காம்? நல்ல பேர அள்ளிக்கினு பூட்டான்யா!”

அடுத்த நிமிஷம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பையும் விட்டுவிட்டுத் தெருவில் ஓடினார். “ஏ பொண்ணுங்களா! நம்ம தட்டுங்கள எடுத்துக்கினு தெருமொனைக்கு வாங்க! எல்லாரும் மாமனுக்குப் பின்னாடி! யோவ் பேண்டு, மாமனுக்கு வாசிய்யா!” சின்னபொண்ணின் கையிலிருந்த தேங்காய்த் தட்டை, அதுதான் கனமானது என்று பார்த்து, பிடுங்கித் தோளில் ஏற்றிக்கொண்டார்.

தெருமுனையிலிருந்து மறுபடி ஊர்வலம் வந்தது. முன்னால் கன்னியப்பன். அவருக்குப் பின்னால் இரண்டு முதலாளிகள், தட்டும் கையுமாக, ஒருவரை ஒருவர் தோளால் இடித்து முந்தப் பார்த்துக்கொண்டு. கன்னியப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “டேய், எனக்கு எடுபுடிக்கு ரெண்டு மொதலாளிடா!” என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். பூஜா மாமன் எடுத்த புடவையில் மணையேறினாள்.

அங்கே சரியாயிற்று. யூனிட்டில் ஆகவில்லை. திங்கட்கிழமை பாஞ்சாலி வரவில்லை. அவள் வரிசையில் யாரும் வரவில்லை. அந்த வாரம் முழுக்கக் கிருஷ்ணசாமி எதிர்ச் செருப்புக் குவியலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாஞ்சாலி அறுந்த செருப்பு வாரை ஊதா நைட்டித் துணியால் கட்டியிருப்பாள். “ஊதா தெரியுதா பாரு பி.காம். என் கண்ணு சரியில்ல” என்று என்னை எழுப்பி எழுப்பி அனுப்பினார்.

கடைசியில் அந்த ஊதா எங்கள் வாசலுக்கு வந்தது. ஆனால் அவள் செருப்பைக் கழற்றவில்லை. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

“மாஸ்டர் கூப்புட்டாரு. ஓவர்லாக் மொத்தத்தையும் என்னையே பாத்துக்கச் சொல்றாரு.”

“அந்தச் சீரு…” என்று கிருஷ்ணசாமி ஆரம்பித்தார்.

“சீரு எந்தம்பி செய்வான் மொதலாளி. உங்கள ஆரு கேட்டது? அஞ்சரை பஸ்ஸ வுட்டுட்டு தெனம் இருட்டுல ஏரிக்கரை மேல நடந்து போறோம். கூட வர்ற பொண்ணுங்களுக்கு நாந்தான் பதில் சொல்லணும். அதுக்கு பயந்துக்கினே எத்தினி பொண்ணுங்க வேலைய வுட்டுச்சுன்னு ஒங்குளுக்குத் தெரியுமா?”

ஒரு வருஷமாக நான் சொன்னதுதான். அவர் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அவன் எத்தினி மணிக்கு வுட்றானாம்?”

“கேட்டேன். ஆறுக்கு முன்னால முடியாதுன்ட்டாரு.”

அவர் நாற்காலியோடு திரும்பி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்த்து உட்கார்ந்தார். நான் வேலைக்குச் சேர்ந்தபிறகு அந்த நாற்காலி திரும்பியது அப்போதுதான்.

“அஞ்சே காலுக்கு மிஷின நிறுத்து பி.காம். நாளைக்கு சாயங்காலம் நம்ம பொண்ணுங்க மொத்தமா வெளிய போவும்போது அவன் ஜன்னல்ல நின்னு பாக்கணும். வயிறு எரியணும் அவனுக்கு.”

பாஞ்சாலி செருப்பைக் கழற்றிப் படியோரம் போட்டாள்.

“எரியட்டும் ணா” என்று மிஷினுக்குப் போனாள்.

இதை எழுதும் 2008இல் சூர்யா கார்மென்ட்ஸ் மதுராந்தகத்துக்கு மாறிப் போயிருக்கிறது. அந்த இடத்தில் செல்போன் கடை. நான் ஒரகடத்துப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் வேலையாட்கள் நலப் பிரிவில் இருக்கிறேன். என் மேஜையில் கண்ணாடி உண்டு. கிருஷ்ணசாமி அவ்வப்போது போன் செய்து, “உங்க கேன்டீன்ல முட்டை போட்றாங்களாமே, நெசமா? தெனமுமா?” என்று விசாரிப்பார்.

அவர் அதே தெருவில் அதே யூனிட்டை நடத்திக்கொண்டிருக்கிறார். பாஞ்சாலி அங்கே சூப்பர்வைசர். நாற்காலி மறுபடியும் ஜன்னல் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. பெண்களை ஏற்றிப் போகும் எங்கள் கம்பெனி பஸ் காலையில் அந்த வழியாகத்தான் போகிறது.