அலை உடையும் இடத்துக்காரி

என் மனைவியின் தங்கைக்கு நீந்தத் தெரியாது. கடலில் பிழைக்கிறவளைப் பற்றி எழுதும்போது இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கடாசிவிட்டு, வெறுங்கையோடு தொடங்கி, இன்று இந்தக் கரையிலேயே பெரிய கயிற்றுக்கடை வைத்திருக்கிறேன் நான். சுற்றி வளைத்துப் பேசியிருந்தால் கடை வந்திருக்காது.

இடுப்பளவுத் தண்ணீருக்கு அப்பால் அவள் போனதே இல்லை. அலை உடைந்து நுரைத்து மணலைக் கலக்கும் இடம்தான் அவளுக்கு வயல். படகுக்காரர்கள் ‘முழங்கால்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கடல் துப்பும் எச்சிலில் மீன் பிடிக்கிறவள் என்று கேலி வேறு. அவளுக்கா வாய் இல்லை? நீங்கள் உள்ளே போய் வெறும் கூடையோடு திரும்புகிற அன்றைக்கும் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறதே என்று திருப்பிக் கொடுப்பாள்.

அவளும் அவள் ஓரகத்தியும் ஜோடி. ஒரு கயிற்று முனையை ஓரகத்தி கரையில் பிடித்துக்கொள்வாள். இவள் சிறு வலையை அரைவட்டமாகச் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையைக் கரை சேர்ப்பாள். பிறகு இருவரும் இழுப்பார்கள். மீன் சேரும் வலைப்பையான மடியைக் கரைக்கு ஏற்றுவதற்கு முன், முழங்காலளவுத் தண்ணீரிலேயே அதைத் திறந்து குஞ்சுகளை விட்டுவிடுவாள். அது அவள் வைத்துக்கொண்ட சட்டம்.

அங்கே எதற்கு மீன் வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அலை மணலைப் புரட்டும்போது, உள்ளே புதைந்து கிடக்கும் விரல்நுனி அளவு நண்டுப்பூச்சியும் புழுவும் வெளியே வந்து விழும். கிழங்கான் மீன் அதைத் தின்ன வரும். ஒதுங்கிய பாசியையும் கலங்கலையும் மேய மடவை வரும். பாரைக் குஞ்சு ஒளிய வரும். கலங்கிய வெள்ளைத் தண்ணீருக்குள் பெரிய மீன் துணிந்து நுழையாது, நுழைந்தாலும் கண் தெரியாது. காற்று மாறினால் கூட்டமும் மாறும். ஒரு கூட்டம் வளர்ந்து ஆழத்துக்குப் போனதும் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். அலை உடைகிறவரை காலி வீடு கிடையாது.

அந்த அலையைத்தான் சாகடிக்க வந்தார்கள். படகு நிறுத்தக் கல்சுவர் போடுவதென்று முடிவானது. சுவரைப் பாறைமுனைக்கு அந்தப் பக்கமும் போடலாம், இந்தப் பக்கமும் போடலாம். அந்தப் பக்கம் ஏற்கெனவே கல்லும் அமைதித் தண்ணீரும்தான். இந்தப் பக்கம் இவளுடைய மணல். பொறியாளர் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார்: இங்கே போட்டால் அலை அடங்கிச் சேறு தங்கும், இந்த மீன்கள் போய்விடும். ஆனால் இடத்தைச் சொல்ல வேண்டியது படகுச் சங்கம் என்று ஒதுங்கிக்கொண்டார். சங்கத் தலைவர் இந்தப் பக்கத்தைச் சொன்னார். அவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் படகு தெரிய வேண்டுமாம்.

கூட்டத்தில் இவள் எழுந்து பேசினாள். முழங்கால் தண்ணீருக்கு ஒரு வக்கீலா என்று சிரித்தார்கள். நான் என் பங்குக்கு இரண்டு வார்த்தை உறைக்கச் சொன்னேன். கயிறு விற்கிறவன் கடலைப் பற்றிப் பேசாதே என்றார்கள். கயிறில்லாமல் ஒருவனும் கடலில் இறங்க முடியாது என்றேன். சுவர் இந்தப் பக்கம்தான் என்று எழுதிக்கொண்டு கலைந்தார்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கைநழுவி ஓடும் வலைக்கயிற்றைப் பிடித்தவன் அந்த வலைக்குப் பங்காளி. வலை கரையேறும்வரை கையை விடக்கூடாது, இரண்டு கயிற்றுக்கும் நடுவே எதையும் இறக்க விடக்கூடாது. பங்கு வாங்கிய கரைக்குக் கேடும் செய்யக்கூடாது. தலைவரின் அப்பா காலத்திலும் இதுதான் வழக்கம்.

லாரிகள் கல்லோடு வந்த காலையில் இவள் வழக்கம்போல வலை போட்டிருந்தாள். தலைவர் ஈரமணலில் நின்று ஓட்டுநர்களுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார். இவள் தண்ணீரிலிருந்து ஓரகத்தியைப் பார்த்துத் தலையசைத்தாள். ஓரகத்தி கயிற்றைப் பிடித்திருந்த கையைத் திறந்தாள். வலையைக் கடல் உள்ளே இழுக்க, கயிறு மணலில் பாம்பாக ஓடித் தலைவர் காலடியைத் தாண்டியது.

நாற்பது வருஷம் கடலில் கிடந்த கை அது, யோசிக்குமா? குனிந்தார், பிடித்தார், குதிகாலை மணலில் ஊன்றினார். பிடித்த பிறகுதான் எதைப் பிடித்தோம் என்று தெரிந்தது. கல் ஏற்றி வந்தவர்களெல்லாம் படகுக்காரர்களே. கயிற்றையும் அவரையும் பார்த்துவிட்டு லாரி எஞ்சினை அணைத்தார்கள்.

“இது சூதும்மா,” என்றார் தலைவர்.

“சூதோ வாதோ, கை உங்களுது. நான் பிடிக்கச் சொல்லலையே அண்ணே. இழுங்க, வலை கனக்குது.”

இழுத்தார். செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி இழுத்தார். அத்தனை இழுப்புக்கும் ஒரு பிரி கூட அறாத கயிறு என் கடைக் கயிறு என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். மடி நெருங்க நெருங்கக் குஞ்சுகள் சிதறி அவர் காலில் மோதின.

“முட்டுது பாருங்க, பாரைக் குஞ்சு. கை நீளம் வளர்ந்ததும் உங்க படகுல ஏறுறது இதுதான்.”

“தெரியும்,” என்றார் அவர், தண்ணீரைப் பார்த்தபடி.

“தெரிஞ்சுமா கல்லு கொண்டாந்தீங்க?”

இவள் மடியைத் திறந்து குஞ்சுகளை விட்டாள். மிஞ்சிய கிழங்கானையும் மடவையையும் மணலில் மூன்று குவியலாகக் கூறு வைத்தாள். தலைவர் தனக்கு வேண்டாம் என்று நகர்ந்தார். இவள் வழிமறித்தாள்.

“வேண்டாம்னு போனா, பங்காளிய ஏமாத்தினவள்னு என்னையத்தான் ஊரு பேசும். எடுத்துக்கிட்டுப் போங்க. எடுத்தப்புறம் எந்தப் பக்கம் கல்லு போடணும்னு உங்களுக்கே தெரியும்.”

லாரிக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தோள்துண்டை விரித்து மீனை வாரினார். போகிற போக்கில், பாறைமுனைக்கு அந்தப் பக்கம் ஓட்டுங்கடா என்று உறுமினார். சுவர் இன்று அங்கேதான் நிற்கிறது. படகும் அங்கேதான் நிற்கிறது, நன்றாகவே நிற்கிறது.

லாரிகள் போனதும் அவளைக் கேட்டேன், அவர் பிடிக்காமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று.

“வலை போயிருக்கும் அத்தான். நானும் இவளும் லாரிக்கு முன்னால உட்கார்ந்திருப்போம்.” ஓரகத்தியின் பையை இழுத்துக் காட்டினாள். உள்ளே தண்ணீர்க் குடுவையும் இரண்டு வேளைக்குக் கட்டிய சாப்பாடும் இருந்தன.