ஆன்டெனா திரும்பிய பக்கம்

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

போன ஜூலை. ஆக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில்லில் வாடகை வீடு. என் மனைவி பிரணவிக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. தலைப்பிள்ளை, பையன். பிறந்த நேரம் நொடி பிசகாமல் வேண்டும், அப்போதுதான் ஜாதகம் சுத்தமாக இருக்கும் என்று திருச்சி ஜோசியர் சொல்லியிருந்தார். போனில் பார்த்தால் போதாதா என்றாள் பிரணவி. எனக்கு வீம்பு. ஜப்பானில் வாங்கிய ரேடியோ கடிகாரம் ஒன்று என்னிடம் இருந்தது. அந்த நாட்டு நிலையம் அனுப்பும் நேர சிக்னலைப் பிடித்து, தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். இங்கே ஒருநாளும் பிடித்ததில்லை. அவ்வளவு தூரம். விடுவேனா? ரேடியோவுக்குள் இருக்குமே அந்தக் கறுப்பு ஃபெரைட் தண்டு, அதைப் பூரிக்கட்டை அளவில் வாங்கிச் செம்புக் கம்பி சுற்றி, நானே ஓர் ஆன்டெனா செய்தேன். சத்தம் கேட்க அதோடு ஒரு சின்ன ஸ்பீக்கர்.

மாலை 5.48. குளிர்காலம். வெளியே இருட்டிவிட்டது.

டிக்... டிக்... டிக்...

நொடிக்கு ஒன்று. துள்ளிக் குதித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். 3:51:20 என்று காட்டி, அப்படியே நின்றது. ஜப்பான் நேரமும் அதுவல்ல. சத்தமோ அநியாயத்துக்குப் பலமாக இருந்தது.

இந்த ஆன்டெனாவுக்கு ஒரு குணம் உண்டு. தண்டின் நுனி சிக்னல் வரும் பக்கத்தைப் பார்த்தால் சத்தம் அடங்கிவிடும். ஜப்பான் ஜன்னல் பக்கம். நுனியை அங்கே திருப்பினேன். அடங்கவில்லை. மெல்லச் சுற்றினேன்.

சோபாவுக்கு நேரே வந்ததும் அடங்கியது. அங்கே பிரணவி உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்சம் கிச்சனுக்குப் போ என்றேன். போனாள். மறுபடியும் டிக்... டிக்... நுனியைக் கிச்சன் பக்கம் திருப்பினேன். அடங்கியது.

அவள் வயிற்றுக்கு நேரே.

அவள் வயிற்றில் கை வைத்தாள். "நேத்துலேருந்து இவன் உதைக்கவே இல்லங்க. தூங்குறான்னு நினைச்சேன்."

மிட்வைஃப் ஜெசிக்காவுக்குப் போன் செய்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். "உடன ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ. நானும் வாறன்."

6.10. கார். ஆன்டெனாவை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள் பிரணவி. டிக்... டிக்... வழியெல்லாம் விடாமல்.

"கேக்குது பாருங்க. நல்லாத்தான் இருக்கான்." சிரித்தாள். பாவி, நானும் சிரித்தேன்.

6.41. ஸ்கேன் அறை. டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

துடிப்பு இல்லை.

கட்டிலில், பிரணவியின் கைக்குள் இருந்த ஆன்டெனாவில்...

டிக்... டிக்...

ஜெசிக்கா காதைப் பொத்திக்கொண்டார். நான் ஸ்பீக்கர் பேட்டரியைப் பிடுங்கினேன்.

நிற்கவில்லை.

இரவு முழுக்க நிற்கவில்லை.

மறுநாள் பிற்பகல் பிள்ளையை வெளியே எடுத்தார்கள். அந்த நொடியில்தான் நின்றது. நர்ஸ் நேரம் குறித்தார். 3.51.

குழந்தை வயிற்றுக்குள் இறந்து குறைந்தது இரண்டு நாளாகியிருக்கும் என்றார் டாக்டர்.

பிரணவி என் சட்டையைப் பிடித்தாள். "அப்ப... வழியெல்லாம் என் மடியில கேட்டது யாருங்க?"



மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். 3:51:20-ல் நின்றுபோன கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. போனை அருகில் வைத்து ஒப்பிட்டேன்.

ஒரு நொடி பிசகில்லை.