ரொட்டிக்குள் வைத்த வலி மாத்திரை

நுவரெலியா ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது ஒரே ஒரு பெண் குதிரை. ஒரு வேன் மோதி அதன் முன்னங்கால் கிழிந்தபோது, தமது முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் மிஞ்சியிருந்த டிரமடோல் வலி மாத்திரைகளை அப்பா அதற்குக் கொடுக்கலானார். வீட்டில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பதைப் போலவே, தேங்காய் ரொட்டிக்குள் சீனியோடு பொதிந்து கொடுத்தார். நொண்டல் குறையவில்லை. அளவு போதவில்லை என்று சித்தப்பா தீர்ப்பளித்தார். ரொட்டிகள் பெருகின.

பிறகு சாணம் நின்றது. மறுநாள் உச்சிவேளையில் கொட்டில் அதிர்ந்தது. குதிரை தன் வயிற்றைத் தானே உதைத்தது, விழுந்து உருண்டது, எழுந்த வேகத்தில் பலகைச் சுவரைப் பிளந்தது. கயிற்றைப் பிடிக்கச் சென்ற அப்பாவின் நெஞ்சில் குளம்பு இறங்கியது. தகரக் கதவில் மோதி விழுந்தவரின் வாயில் இரத்தம். சித்தப்பா மண்வெட்டிப் பிடியால் குதிரையின் முகத்தில் அடித்தார். மீண்டும் அடித்தார்.

"வலி கூடிப்போச்சு. மிச்ச மாத்திரையக் கொண்டா."

"தர மாட்டேன் சித்தப்பா. டாக்டர் வந்துகிட்டு இருக்காரு."

"இது பேச்சுப்போட்டி இல்ல தாயி. மணி அடிச்சு நிப்பாட்ட ஆளில்ல."

மாத்திரைகள் இருந்த என் கையின் மணிக்கட்டை அவர் முறுக்கினார். விவாத மேடையில் எதிரணியைச் சொல்லால் வாயடைக்கச் செய்பவள் நான். அங்கே பல்லைப் பயன்படுத்தினேன். அவர் பிடி விட்டதும் மாத்திரைகளைச் சாணக்குழியில் வீசினேன்.

மிருக வைத்தியர் வந்து, உதைக்குத் தப்பி, குதிரையின் விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கொடுத்த மாத்திரையின் பெயரை நான் சொன்னேன்.

"குடல் சத்தமே இல்ல. இந்த மாத்திரைய வாய் வழியா குடுத்தா, குதிரைக்கு இரத்தத்துல சேர்றது ரொம்பக் கொஞ்சம். வலி நிக்காது. ஆனா குடல மந்தமாக்கிடும். தீனி அடைச்சுக்கிச்சு."

"எனக்கு வலி நின்னுச்சேங்க," என்றார் அப்பா.

"நீங்க குதிரை இல்லையே ஐயா."

அவர் ஊசி மருந்தை எடுக்கும் முன்பே குதிரை சட்டென அடங்கியது. தலையைத் தொங்கவிட்டு, வியர்வை சொட்ட, நடுங்கியபடி நின்றது.

"பாத்தியா, சரியாயிருச்சு," என்றார் சித்தப்பா.

வைத்தியர் அதன் உதட்டைத் தூக்கினார். ஈறு கருநீலமாக இருந்தது. "உள்ள குடல் கிழிஞ்சிருச்சு, அதான் அடங்கிருச்சு. இனி காப்பாத்த முடியாது."

அவர் வேறொரு பெரிய ஊசியை நிரப்பினார். அப்பா தவழ்ந்து வந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"இதாவது ஒடம்புல சேருமாங்க?"

"நேரா நரம்புல போடுறேன். சேரும்."

சேர்ந்தது. சரிந்த குதிரைக்கு அடியிலிருந்து அப்பாவின் காலை இழுத்தெடுக்க, சித்தப்பாவும் நானும் குதிரையைப் புரட்ட ஒரே கயிற்றைப் பற்றினோம்.